'இஃப்' வந்தாலே வாக்கியம் சறுக்குகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரையில் தெப்பக்குளம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் 14 வருஷமாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்திவருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலை முடித்த கையோடு வருபவர்கள். மாசி வீதி ஓட்டல்களில் ரிசப்ஷனில் நிற்கும் பையன்கள், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுபவர்கள், கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் டெய்லர்கள், இன்டர்வியூவுக்குத் தயாராகும் இன்ஜினியரிங் பிள்ளைகள். வேலை வேறு, வயது வேறு. ஆனால் 'இஃப்' போட்டு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் எல்லாரும் சறுக்குவது அதே நாலைந்து இடங்களில்தான். திரும்பத் திரும்ப அதையே சரிசெய்து பழகியதில் எனக்கு ஒரு வரிசை கிடைத்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முழுவதும் படிக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்து வரும் வால் சோதனையை மட்டும் எல்லாரும் படியுங்கள். அப்புறம் உங்கள் வாக்கியம் எப்படிக் கெட்டிருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே வி1, வி2, வி3 என்று குறிப்பிடுகிறேன். கோ, வென்ட், கான் என்றால் வி1, வி2, வி3.

## எதற்கும் முன்னால்: வால் சோதனை

சொல்ல வந்ததை முதலில் தமிழில், பேசுவது போலவே, ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு அதன் பின்னால் கீழே உள்ள நாலு வாலில் எது ஒட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'எப்பவுமே அப்படித்தான்' ஒட்டினால் இரண்டு பக்கமும் சாதாரண பிரசன்ட். பனி விழுந்தா மல்லி வரத்து குறையும், எப்பவுமே அப்படித்தான்.

'பார்ப்போம்' ஒட்டினால் இஃப் பக்கம் பிரசன்ட், மறுபக்கம் வில். மழை பெய்ஞ்சா வரமாட்டேன், பார்ப்போம்.

'ஆனா இல்லையே' ஒட்டினால் இஃப் பக்கம் வி2, மறுபக்கம் வுட் போட்டு வி1. பணம் இருந்தா வாங்குவேன், ஆனா இல்லையே.

'ஆனா நடக்கலையே' ஒட்டினால் இஃப் பக்கம் ஹேட் போட்டு வி3, மறுபக்கம் வுட் ஹேவ் போட்டு வி3. சொல்லியிருந்தா வந்திருப்பேன், ஆனா சொல்லலையே.

கைடுகளில் வரிசையாக டைப் 0, டைப் 1, டைப் 2, டைப் 3 என்று இருப்பது இதைத்தான். எண்ணை மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். வாலைப் பிடித்துக்கொண்டவர்கள் மறப்பதில்லை, ஏனென்றால் அது அவர்கள் ஏற்கெனவே பேசுகிற மொழி.

## அறிகுறி 1: இஃப் பக்கத்திலேயே 'வில்' வந்துவிடுகிறது

'இஃப் இட் வில் ரெயின், ஐ வில் நாட் கம்.' என் வகுப்பில் அதிகம் கேட்கும் தவறு இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது: வில் எத்தனை? ஒரு வாக்கியத்தில் இரண்டு வில் இருந்தால், இஃப்பை ஒட்டியிருப்பதை எடுத்துவிடுங்கள். 'இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்.' இரண்டு நொடி வேலை, பத்துக்கு எட்டு வாக்கியம் இதிலேயே சரியாகிவிடும். எடுத்த கையோடு வினையின் கடைசியைப் பாருங்கள். இட், ஹி, ஷி என்று இருந்தால் 'ரெயின்' என்பது 'ரெயின்ஸ்' ஆக வேண்டும். வில்லை எடுத்துவிட்டு 'ஸ்' போட மறப்பவர்கள் நிறையப் பேர்.

நாளைக்கு நடக்கப்போவதற்கு வில் இல்லாமல் எப்படி என்று மனசு ஒப்பாதவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். தமிழில் 'நாளைக்கு வந்தால்' என்கிறோம். 'வருவால்' என்று எவராவது சொல்கிறோமா? போனால், செய்தால், கேட்டால் என்று எதை எடுத்தாலும் அந்த இடத்தில் எதிர்காலம் வருவதில்லை. ஆங்கிலமும் அந்த இடத்தில் அதைத்தான் செய்கிறது.

அடுத்தது: இஃப்புக்குப் பதில் வென், அன்டில், பிஃபோர், ஆஸ் சூன் ஆஸ் இருக்கிறதா? 'வென் ஐ வில் ரீச் மதுரை, ஐ வில் கால் யூ' என்பதும் அதே கோளாறுதான், அதே மருந்துதான். 'வென் ஐ ரீச் மதுரை, ஐ வில் கால் யூ.'

இந்த இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 'மதுரை வந்தா போன் பண்றேன்' என்று நாம் சொல்வது, வந்து சேர்வது உறுதி என்ற நினைப்பில். அதை அப்படியே 'இஃப் ஐ ரீச் மதுரை' என்று மாற்றினால், வருவேனோ மாட்டேனோ என்று கேட்பவருக்குத் தோன்றும். வைகை எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு அதைச் சொல்லக் கூடாது. உறுதியானால் வென், சந்தேகமானால் இஃப். தமிழில் 'வந்ததும்' என்று மாற்றிச் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடிந்தால் வென்.

வில்லை எடுக்கக் கூடாத இரண்டு இடங்கள். எல்லா வில்லையும் அடித்துத் தள்ளியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்வது இங்கே.

ஒன்று, தமிழில் 'வருவாரான்னு' என்று வந்தால். 'அவர் வருவாரான்னு கேளு' என்பது 'ஆஸ்க் ஹிம் இஃப் ஹி வில் கம்'. இதில் இஃப் இருந்தாலும் நிபந்தனை இல்லை, உள்ளே ஒளிந்திருப்பது கேள்வி. வில் அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று, 'வருவேன்னா' என்று எதிரில் இருப்பவரின் சம்மதத்தைக் கேட்கும்போது. 'நீ வருவேன்னா டிக்கெட் போடுறேன்' என்பதும் 'நீ வந்தா டிக்கெட் போடுறேன்' என்பதும் ஒன்றில்லை என்று நமக்கே தெரியும். முன்னதில் 'உனக்குச் சம்மதமா' என்ற கேள்வி இருக்கிறது. அந்த அர்த்தத்தில் ஆங்கிலமும் வில்லையோ வுட்டையோ அனுமதிக்கும். கடையில் மரியாதையாக 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட், சார், ஐ வில் கால் த ஓனர்' என்று சொல்வது சரியான ஆங்கிலமே. பரீட்சைத்தாளில் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

## அறிகுறி 2: இஃப்பே இல்லை, எல்லாம் 'மீன்ஸ்'

'பஸ் லேட் மீன்ஸ், ஐ வில் கம் பை ஆட்டோ.' நம்மூரில் எல்லாருக்கும் புரியும், வெளியூர்க்காரருக்குப் புரியாது. காரணம் ஒன்றே ஒன்றுதான். தமிழில் 'என்றால்' இரண்டு வேலை பார்க்கிறது. 'நன்னாரி என்றால் என்ன?' என்பதில் அர்த்தம் கேட்கிறது, 'மழை என்றால் வரமாட்டேன்' என்பதில் நிபந்தனை போடுகிறது. மீன்ஸ் முதல் வேலையை மட்டும்தான் பார்க்கும்.

சரிசெய்வது எளிது. மீன்ஸை அடியுங்கள். இஃப்பை முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு வினை இருக்கிறதா என்று பாருங்கள். 'பஸ் லேட்டுன்னா' என்பதில் வினையே இல்லை. ஆங்கிலத்துக்கு வினை இல்லாமல் ஆகாது. 'இஃப் த பஸ் இஸ் லேட், ஐ வில் கம் பை ஆட்டோ.'

இதன் கூடப் பிறந்தது 'தென் ஒன்லி'. 'இஃப் யூ கம் ஏர்லி தென் ஒன்லி யூ வில் கெட் சீட்.' அப்பதான் என்பதை அப்படியே பெயர்த்தது. ஒன்லியை இஃப்புக்கு முன்னால் நகர்த்துங்கள். 'யூ வில் கெட் எ சீட் ஒன்லி இஃப் யூ கம் ஏர்லி.'

பேச்சில் மீன்ஸ் ஊறிப்போனவர்களுக்கு இது ஒரு நாளில் போகாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள், மீன்ஸ் வரும்போதெல்லாம் கையைத் தட்டச் சொல்லுங்கள். ஒரு மல்லிக்கடை அக்காவுக்கு அவருடைய ஆறாம் வகுப்பு மகள் இந்த வேலையைச் செய்தாள், பதினைந்து நாளில் நின்றுவிட்டது.

## அறிகுறி 3: இல்லாததைச் சொல்கிறீர்கள், கேட்பவர் உண்டு என்று நம்பிவிடுகிறார்

இதில் காசும் பெயரும் போகும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்த தம்பி, ஒரு நாள் வகுப்புக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டான்: "டீச்சர், நான் சொன்னதுல என்ன தப்பு?" அன்று மதியம் வயதான வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வந்து, கோபுரம் தெரிகிற மாதிரி அறை கேட்டிருக்கிறது. எல்லா அறையும் நிரம்பிவிட்டது. 'இருந்தா கொடுக்க மாட்டோமா' என்ற நினைப்பில் இவன் சிரித்த முகத்தோடு 'இஃப் வி ஹேவ் எ ரூம், வி வில் கிவ் யூ' என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, பெட்டியைச் சோபா பக்கத்தில் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அந்த அம்மா எழுந்து வந்து, அறை தயாராகிவிட்டதா என்று கேட்டாராம்.

அவன் சொன்னது இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம். ஆனால் அதன் வால் 'பார்ப்போம்'. அவர்கள் அந்த வாலைக் கேட்டுத்தான் காத்திருந்தார்கள். அவன் மனசில் இருந்த வால் 'ஆனா இல்லையே'. அதற்கு வேண்டியது 'இஃப் வி ஹேட் எ ரூம், வி வுட் கிவ் இட் டு யூ'.

எளிய காரணம்: தமிழில் இரண்டுக்கும் 'இருந்தா' ஒன்றே போதும். வித்தியாசத்தை நாம் குரலிலும், கடைசியில் வரும் ஏகாரத்திலும் வைத்துக்கொள்கிறோம். 'பணம் இருந்தா வாங்குவேன்' என்றால் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. 'பணம் இருந்தா வாங்குவேனே' என்றால் கையில் இல்லை. ஆங்கிலத்தில் அந்த ஏகாரத்தின் வேலையைச் செய்வது ஹேட், வுட் ஜோடி. எனவே சோதனை இதுதான்: தமிழ் வாக்கியத்தின் கடைசியில் ஏகாரம் தானாக வருகிறதா? வந்தால் வி2, வுட்.

அடுத்த காரணம்: வி2 போடப் பயம். "ஹேட் என்றால் நேற்று இருந்தது என்றுதானே அர்த்தம்? நான் இன்றைக்கு இல்லாததைச் சொல்கிறேனே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'இப்ப கையில பணம் இருந்தா' என்று நீங்கள் சொல்லும்போது அந்த 'இருந்த' என்பதைக் கேட்டு யாராவது நேற்றைய கதை என்று நினைக்கிறார்களா? இல்லை. இரண்டு மொழியிலும் அந்த உருவம் இங்கே நேற்றைக் குறிக்கவில்லை, கைக்கு எட்டாததைக் குறிக்கிறது.

மூன்றாவது: பாதியை மட்டும் மாற்றுவது. 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வில் பை எ பைக்.' வில் இருந்தால் இஃப் பக்கம் பிரசன்ட், வி2 இருந்தால் மறுபக்கம் வுட். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட வேண்டும். எழுதி முடித்ததும் விரலை முதலில் இஃப் பக்க வினையில் வையுங்கள், அப்புறம் மறுபக்க வினையில் வையுங்கள். இரண்டும் ஜோடியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புட், கட் போன்ற வினைகளில் வி1, வி2, வி3 மூன்றும் ஒன்றே என்பதால் அங்கே மறுபக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

வாஸ், வேர் குழப்பம். 'இஃப் ஐ வாஸ் யூ' என்று ஆங்கிலேயர்களே பேசுகிறார்கள். இருந்தாலும் பரீட்சையிலும் இன்டர்வியூவிலும் 'இஃப் ஐ வேர் யூ' என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள். யோசனை சொல்ல இதைவிட நாகரிகமான வழி இல்லை. 'நானா இருந்தா காட்டன் துணியத்தான் எடுப்பேன்' என்பதை, டெய்லர் அண்ணன் ஒருவர் இப்போது தயங்காமல் சொல்கிறார்: 'இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் டேக் த காட்டன்.' கோடை வெயிலில் பாலியஸ்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது உத்தரவு போலவும் தெரியாது, வியாபாரப் பேச்சு போலவும் தெரியாது.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்கிறேன். பேச்சில் ஹேவ், ஹேட் இரண்டும் காதில் ஒன்று போல விழும். ஓட்டலில், கடையில், போனில் பேசுகிறவர்கள் முதலில் உண்மையைத் தனி வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். 'சாரி, வி ஆர் ஃபுல்.' அதன் பிறகு இஃப் வாக்கியம். அந்தத் தம்பி அப்படித்தான் சொல்கிறான், அவனுக்கு அதன்பின் யாரும் சோபாவில் காத்திருக்கவில்லை.

## அறிகுறி 4: முடிந்துபோன கதை சிக்கலாகிறது

டைப் 3 என்றாலே பயப்படுகிறார்கள். எனக்கு இதுதான் சொல்லிக்கொடுக்க எளிது, ஏனென்றால் மதுரைக்காரர்களுக்கு நான் எழுதிப்போடும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்.

'இஃப் அழகர் ஹேட் கம் இன் டைம், ஹி வுட் ஹேவ் சீன் த வெட்டிங்.'

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டு மலையிலிருந்து கிளம்பியவர், வைகைக்கு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்ட கதை நம் எல்லாருக்கும் தெரியும். நேரத்துக்கு வந்திருந்தால் பார்த்திருப்பார். வரவில்லை, பார்க்கவில்லை. எந்த வருஷச் சித்திரைத் திருவிழாவிலும் அது மாறப்போவதில்லை. மாற்றவே முடியாத பழைய கதைக்குத்தான் இந்த உருவம். இந்த ஒரு வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, சந்தேகம் வரும்போதெல்லாம் உங்கள் வாக்கியத்தை அதன் மேல் வைத்து அளந்து பாருங்கள். வந்'திருந்தால்' என்ற இடத்தில் ஹேட், பார்த்'திருப்பார்' என்ற இடத்தில் வுட் ஹேவ். தமிழும் ஆங்கிலமும் இவ்வளவு அழகாகப் பொருந்தும் இடம் வேறு இல்லை.

### இரண்டு பக்கமும் வுட் ஹேவ் வந்தால்

'இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்.' தமிழில் இரண்டு பக்கமும் 'இரு' வருவதால், ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றே போட்டுவிடுகிறோம். ஆனால் தமிழிலும் ஒரு பக்கம் 'திருந்தால்', மறுபக்கம் 'திருப்பேன்'. அமெரிக்கர்கள் சிலர் பேச்சில் இப்படி இரண்டு பக்கமும் வுட் ஹேவ் சொல்வதை டிவி தொடர்களில் கேட்டிருப்பீர்கள். ஆனால் பரீட்சைத்தாள் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.

சிவப்புப் பேனாவால் இஃப்பில் ஆரம்பித்துக் காற்புள்ளி வரைக்கும் அடிக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே 'வுட்' இருக்கக் கூடாது. இருந்தால் வுட் ஹேவை அடித்து ஹேட் எழுதுங்கள். 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.' காற்புள்ளி எங்கே என்று தெரியாதவர்களுக்கு: இஃப் முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி உண்டு, இஃப் பின்னால் வந்தால் வேண்டாம்.

### ஹேட் வென்ட், ஹேட் கேம், ஹேட் சா என்று வந்தால்

அமைப்பு சரி, வி3 தெரியவில்லை. இதற்குக் குறுக்கு வழி இல்லை, மனப்பாடம்தான். ஆனால் நூறு வினையும் வேண்டாம். இந்தப் பன்னிரண்டும் கைவசம் இருந்தால் அன்றாடப் பேச்சு ஓடிவிடும்: கான், கம், சீன், டன், கிவன், டேக்கன், ரிட்டன், நோன், ஈட்டன், ஸ்போக்கன், பாட், டோல்ட். நாளைக்கு இரண்டு வீதம் ஆறு நாள்.

'இஃப் ஐ ஹேட் ஹேட் மணி' என்று எழுதிவிட்டு, இரண்டு ஹேட் தவறோ என்று ஒன்றை அடித்துவிடுபவர்கள் உண்டு. அடிக்காதீர்கள். 'பணம் இருந்திருந்தால்' என்று நாமும் 'இரு' என்பதை இரண்டு தடவைதான் சொல்கிறோம்.

### 'வுட் ஆஃப்' என்று எழுதினால்

காதில் விழுந்ததை எழுதியது. வேகமாகப் பேசும்போது ஹேவ் 'அவ்' என்று தேய்ந்து, ஆஃப் போலக் கேட்கும். எழுத்தில் அங்கே எப்போதும் ஹேவ்தான், விதிவிலக்கே இல்லை.

### பழைய காரணம், இன்றைய விளைவு

இரண்டு பக்கத்தையும் டைப் 3 ஆக்கியும் ஏதோ பொருந்தாமல் இருக்கிறதா? விளைவு இப்போதும் தொடர்கிறதா என்று பாருங்கள். மறுபக்கத்தில் 'இப்ப', 'இன்னைக்கு' என்ற சொல் வந்தால் அங்கே வுட் மட்டும் போதும், ஹேவ் வேண்டாம். அழகர் கதையிலேயே பார்க்கலாம். ஆற்றில் இறங்கியவர் கல்யாணம் முடிந்ததைக் கேட்டுக் கோபத்தோடு வண்டியூருக்குப் போகிறார். அந்த இரவில் நின்றுகொண்டு சொன்னால்: 'இஃப் ஹி ஹேட் கம் இன் டைம், ஹி வுட் நாட் பீ இன் வண்டியூர் டுநைட்.' முன்பக்கம் பழையது, பின்பக்கம் இன்றையது. தமிழிலும் 'வந்திருந்தால் இப்ப வண்டியூர்ல இருக்க மாட்டார்' என்றுதான் சொல்வோம்.

### இஃப்பே காணோம், ஹேட் முன்னால் நிற்கிறது

'ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்.' அச்சுப்பிழை இல்லை. இஃப்பை விட்டுவிட்டு ஹேட்டை முன்னால் வைக்கும் எழுத்து நடை. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

## அறிகுறி 5: 'அன்லெஸ்' போட்டால் அர்த்தம் தலைகீழாகிறது

'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்.' இதற்கு, படித்தால் ஃபெயில் என்று அர்த்தம் போகும். அன்லெஸ்ஸுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்தில் டோன்ட், நாட் எதுவும் வேண்டாம். 'அன்லெஸ் யூ ஸ்டடி, யூ வில் ஃபெயில்.' வில்லும் வேண்டாம், இஃப்புக்குச் சொன்ன அதே விதி.

இஃப்பை அன்லெஸ்ஸாக மாற்றச் சொல்லும் கேள்வி பரீட்சைகளில் வரும். இஃப்பையும் நாட்டையும் ஒரே நேரத்தில் அடித்துவிட்டு அன்லெஸ் எழுதுங்கள். டோன்ட் இருந்த இடத்தில் வினை பழைய உருவத்துக்குத் திரும்பும். டஸன்ட் இருந்தால் வினைக்கு 'ஸ்' திரும்ப வரும். அங்கேதான் அரை மதிப்பெண் போகிறது: 'இஃப் ஹி டஸன்ட் கம்' என்பது 'அன்லெஸ் ஹி கம்ஸ்'. பேச்சில் சந்தேகம் வந்தால் அன்லெஸ்ஸை விட்டுவிட்டு இஃப், நாட் என்றே சொல்லுங்கள். யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

## அறிகுறி 6: எழுதினால் சரி, வாயைத் திறந்தால் குழறுகிறது

இலக்கணம் தெரியும், வேகம் இல்லை. இதற்கு மறுபடியும் விதி படிப்பதால் பயனில்லை.

முதலில், வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தமிழில் நிபந்தனை முன்னால் வந்து பழகியதால் நாமும் இஃப்பில் ஆரம்பிக்கிறோம். அது முடிவதற்குள் மறுபக்கம் மறந்துபோகிறது. விளைவை முதலில் சொல்லிவிடுங்கள். 'ஐ வில் கால் யூ இஃப் த ட்ரெயின் இஸ் லேட்.' வில் முதலிலேயே வந்துவிடுவதால் இஃப் பக்கத்தில் மறுபடி வருவதும் குறைகிறது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

அடுத்தது, ஒரு வாரத்துக்கு ஒரு வால். முதல் வாரம் 'பார்ப்போம்' மட்டும். ஷேர் ஆட்டோவில் வரும்போது கண்ணில் படுவதை வைத்து பத்து வாக்கியம். சிக்னல் விழுந்தால், ஆட்டோ நிரம்பினால், சில்லறை இல்லையென்றால். நாலையும் கலந்து பழகினால் நாலும் குழம்பும்.

அப்புறம், போனில் பதிவு செய்து கேளுங்கள். இரண்டு நிமிஷம் பேசிப் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் நாம் நினைத்ததுதான் காதில் விழும், சொன்னது விழாது.

கேட்பதில் தடுமாற்றம் என்றால் அநேகமாக 'ஐட்' என்ற சுருக்கம்தான் காரணம். ஹேட், வுட் இரண்டும் 'ட்' என்று சுருங்கும். பின்னால் வருவது வி1 என்றால் அது வுட், வி3 என்றால் ஹேட். 'ஐட் கோ' என்றால் வுட், 'ஐட் கான்' என்றால் ஹேட். கம் போன்ற வினையில் இரண்டும் ஒன்றாக இருப்பதால், இஃப் பக்கமா மறுபக்கமா என்று பாருங்கள். இஃப் பக்கம் என்றால் ஹேட்.

## எப்போது ஆசிரியரிடமோ நிபுணரிடமோ போக வேண்டும்

மேலே சொன்னதை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும், உங்கள் பத்து வாக்கியத்தில் நாலுக்கு மேல் தவறு இருந்தால், கோளாறு இஃப்பில் இல்லை. வி1, வி2, வி3-யிலோ சாதாரண காலங்களிலோ ஓட்டை இருக்கிறது. அதை ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துத்தான் அடைக்க முடியும். பெரிய சென்டரில் மொத்தக் கட்டணம் கட்டுவதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் நாலு வாரம் உட்கார முடியுமா என்று கேளுங்கள். சேர்வதென்றால், ஒரு வகுப்பில் நீங்கள் எத்தனை நிமிஷம் வாய் திறப்பீர்கள் என்பதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். நாற்பது பேர் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் அறிகுறி 6 தீராது.

வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வு எழுதப்போகிறவர்கள், எழுத்துப் பகுதியை ஒரு தடவையாவது அந்தத் தேர்வுக்குத் திருத்திப் பழகியவரிடம் காட்டுங்கள். டைப் 2, டைப் 3 கலந்த வாக்கியங்களில் தன் தவறு தனக்குத் தெரியாது.

வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், கடன் பத்திரம் போன்றவற்றில் வரும் இஃப், அன்லெஸ், ஷால் எதையும் நீங்களே திருத்தாதீர்கள், என்னைப் போன்ற ஆங்கில ஆசிரியரிடமும் கொடுக்காதீர்கள். 'இஃப் த டெனன்ட் ஃபெயில்ஸ் டு பே' என்று ஆரம்பிக்கும் வரியில் ஒரு நாட் இடம் மாறினால் முன்பணம் போய்விடும். அதற்கு வக்கீல்தான்.

ஆசிரியரிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். கடைசியாகத் தவறிய இருபது வாக்கியங்களை, ஒவ்வொன்றுக்கும் மேலே தமிழில் சொல்ல நினைத்ததையும் எழுதி எடுத்துப் போங்கள். தமிழ் வரி இருந்தால், எந்த வாலில் நீங்கள் வழுக்குகிறீர்கள் என்பதை அவர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.